லக்சர் போறீங்களா? பேரைப் பாத்து கல்லறை செலக்ட் பண்ணாதீங்க

எகிப்துல இருக்கற லக்சர் போயிட்டு வர்றவங்க நிறைய பேர் சொல்ற கம்ப்ளைன்ட், துட்டன்காமுன் ராஜாவோட கல்லறை இவ்ளோதானாங்கறது. பழைய ராஜாக்களைப் புதைச்ச மன்னர்களின் பள்ளத்தாக்குக்குள்ள போக ஒரு டிக்கெட், அதுக்கு மேல இந்தக் கல்லறைக்குன்னு தனி டிக்கெட், வெயில்ல க்யூ, படியிறங்கி உள்ள போனா முதல்ல வர்றது எதுவுமே வரையாத வெறும் சுவர் இருக்கற ரூம், அங்க நின்னு தடுப்புக்கு அந்தப் பக்கம் எட்டிப் பாத்தா மஞ்சள் பின்னணியில ஓவியம் இருக்கற ஒரே ஒரு அறை, அதுல மேற்குச் சுவத்துல கட்டத்துக்கு ஒண்ணா உக்காந்திருக்கற பன்னெண்டு பபூன் குரங்கு, அஞ்சு நிமிஷத்துல வெளிய வந்துடலாம். 1922ல தொல்லியல் ஆய்வாளர் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடிச்ச தங்கமெல்லாம் எப்பவோ கெய்ரோ பக்கம் போயிடுச்சு, மம்மி மட்டும் ஒரு கண்ணாடிப் பெட்டியில அங்கயே படுத்திருக்கு. ஆனா பாருங்க, இதுக்கு ஒட்டின மாதிரியே ஆறாம் ராமேசஸ் கல்லறை இருக்கு, அதுல ஆழத்துல இருக்கற அறையோட கூரை முழுக்க வானத்துத் தேவதை நூத் நீளமா ரெண்டு தடவ வரையப்பட்டு, சாயங்காலம் சூரியனை வாயால முழுங்கி காலையில பெத்துப் போடறா, பல பேர் அதுல நுழையாமலேயே பஸ் ஏறிடறாங்க.

எந்தக் கல்லறை ஏன் அப்படி இருக்குன்னு போறதுக்கு முன்னாடி யாரும் சொல்றதில்ல, பெரிய ராஜான்னா சுவரும் பெருசா நல்லா இருக்கும்னு நாமளே முடிவு பண்ணிக்கறோம். ரெண்டாம் ராமேசஸ் 66 வருஷம் ஆண்டவர், எகிப்துல எங்க திரும்பினாலும் அவரோட சிலைதான், ஆனா அவரோட கல்லறை பல தடவ வெள்ளம் புகுந்து உள்ள நாசமாயிருக்கு. அதே காலத்துல ராஜாக்களுக்குக் கல்லறை வெட்டற ஊர்ல வேலை செஞ்ச சென்னெட்ஜெம்ங்கறவரோட கல்லறை, பத்து பேர் நின்னா இடிச்சுக்கற அளவுதான், கலர் அப்படியே இருக்கு. பேருக்கும் சுவத்துக்கும் சம்பந்தமே இல்லைங்க. பாறை, தண்ணி, ராஜா செத்த நேரம், இந்த மூணுக்கும்தான் சம்பந்தம்.

முதல்ல செத்த நேரம். ராஜா பட்டத்துக்கு வந்ததும் கல்லறை வேலை ஆரம்பிக்கும், அவர் செத்ததும் மம்மி பண்றதுக்குன்னு சுமார் 70 நாள், அதுக்குள்ள என்ன முடியுதோ அது, அவ்ளோதான், அப்பறம் கதவை மூடி முத்திரை வெச்சுடுவாங்க. துட்டன்காமுன் பதினெட்டு பத்தொன்பது வயசுல செத்துட்டார், கி.மு. 1323 வாக்குல. அவருக்குன்னு பெரிய கல்லறை எதுவும் ரெடியா இல்ல, வேற யாரோ ஒரு பெரிய மனுஷனுக்கு வெட்டின மாதிரி தெரியற நாலு சின்ன ரூம்ல வெச்சு, ஒரு ரூம்ல மட்டும் அவசரமா பெயின்ட் பண்ணி முடிச்சுட்டாங்க. அந்தக் கல்லறை திருடங்ககிட்டேர்ந்து பெரும்பாலும் தப்பிச்சதுக்குக் காரணம் அதோட வாசல் மண்ணுல மறைஞ்சு போனதுதான், சுமார் 180 வருஷம் கழிச்சு மேல ஆறாம் ராமேசஸுக்கு வேலை பாத்தவங்க அதோட வாசல் மேலயே குடிசை போட்டு தங்கியிருக்காங்க, கீழ ஒண்ணு இருக்குன்னே யாருக்கும் தெரியல.

வேலை பாதியில நின்னா என்ன ஆகும்னு பாக்கணும்னா ஹோரம்ஹெப் ராஜாவோட கல்லறை திறந்திருக்கற சமயத்துல போகணும், என்னைக் கேட்டா இந்தப் பள்ளத்தாக்குல இருக்கறதுலயே அதிகமா கத்துக்குடுக்கற சுவர் அதுதான். 1908ல கண்டுபிடிச்சது. முன்னாடி இருக்கற அறைகள்ல நீலம் கலந்த சாம்பல் பின்னணியில செதுக்கி கலர் அடிச்சு முடிச்ச உருவங்கள், முகத்துல கண்ணிமை வரைக்கும் ஃபினிஷிங். உள்ள மம்மி வைக்கற அறைக்குப் போனா அப்படியே ஸ்டாப். ஒரு இடத்துல சமன்படுத்தின சுவத்துல சிவப்புக் கட்டக் கோடு மட்டும் இருக்கும், பக்கத்துல அந்தக் கட்டத்துக்குள்ள சிவப்பு மசியில உருவத்தோட முதல் வரைவு, அதுக்கு மேலயே இன்னொரு கை கருப்பு மசியில திருத்தியிருக்கு, தோள் கொஞ்சம் தள்ளி, கால் கொஞ்சம் நீளமா. இன்னும் தள்ளிப் போனா அந்தக் கருப்புக் கோட்டை ஒட்டி உளி வெச்சு பாதி உருவம் செதுக்கியிருக்கும், மீதிப் பாதி கோடாவே நின்னுடும். சீடன் வரைஞ்சதும் வாத்தியார் திருத்தினதும் மூவாயிரத்து முந்நூறு வருஷத்துக்கு அப்பறமும் ஒரே சுவத்துல கிடக்கு. முடிஞ்ச கல்லறைகள்ல இதெல்லாம் கலருக்கு அடியில போயிடும், நமக்கு தெரியாது.

அந்தக் கட்டம் எதுக்குன்னா அளவுக்கு. நாம புள்ளி வெச்சு கோலம் போடற மாதிரி, நிக்கற ஆள்னா உள்ளங்கால்லேர்ந்து நெத்தியில முடி ஆரம்பிக்கற இடம் வரைக்கும் 18 கட்டம், முட்டி எங்க வரணும் இடுப்பு எங்க வரணும்னு எல்லாத்துக்கும் கணக்கு, அதனாலதான் பத்து பேர் சேர்ந்து வேலை பாத்தாலும் ஒருத்தர் வரைஞ்ச மாதிரி இருக்கு. கலர்களும் ரொம்ப இல்ல. சிவப்பும் மஞ்சளும் காவி மண்ணு, கருப்பு கரி, வெள்ளை சுண்ணாம்புக்கல் இல்லைன்னா ஜிப்சம். நீலம் மட்டும் சூளையில செஞ்சது, மணல், செம்புத்தாது, சுண்ணாம்பு, நேட்ரான் உப்பு எல்லாத்தையும் 900 டிகிரி கிட்ட சூடாக்கி வர்ற கட்டியை அரைச்சு எடுக்கறது, உலகத்துல மனுஷன் செஞ்ச பழமையான செயற்கை வண்ணங்கள்ல ஒண்ணு. இதையெல்லாம் ஒட்ட வைக்க கருவேல இனத்து மரத்தோட பிசின் மாதிரியான பசை. பூச்சு காஞ்சதுக்கு அப்பறம்தான் கலர் அடிக்கறாங்க, ஈரப் பூச்சுல கலரை ஊற வைக்கற முறை இது கிடையாது. அதாவது மூவாயிரம் வருஷமா சுவத்துல நிக்கற கலர் தண்ணியில கரையற கோந்துலதான் நிக்குது! இந்த ஒரு விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, கீழ வரப்போற பிரச்சினை எல்லாம் இதுலேர்ந்துதான்.

யார் இதையெல்லாம் வரைஞ்சாங்கன்னா, பக்கத்து மலைக்கு அந்தப் பக்கம் தெய்ர் எல் மதீனான்னு ஒரு ஊர், இன்னைக்கும் வீட்டு அடித்தளம் வரிசையா தெரியும், கல்லறை வேலைக்காகவே அரசாங்கம் வெச்ச ஊர். கல் வெட்டறவங்க, பூச்சு பூசறவங்க, வரையறவங்க, கணக்கு எழுதறவர் எல்லாரும் அங்கதான் இருந்தாங்க, சம்பளம் தானியமா வரும், பத்து நாளுக்கு ஒரு வாரம், அதுல கடைசி ரெண்டு நாள் லீவு. வலது கோஷ்டி இடது கோஷ்டின்னு பிரிஞ்சு வேலை. விளக்குக்கு எத்தனை திரி குடுத்தாங்கன்னு கணக்கு இருக்கு, செம்பு உளி குடுக்கறப்ப எடை போட்டு எழுதி, மழுங்கி திருப்பிக் குடுக்கறப்ப மறுபடி எடை போட்டிருக்காங்க, ஏன்னா செம்பு அரசாங்கச் சொத்து. யார் எதுக்கு லீவு போட்டாங்கன்னு கூட சுண்ணாம்புக்கல் சில்லுல எழுதி வெச்சிருக்காங்க. மூணாம் ராமேசஸோட 29ஆவது வருஷம் தானியம் வராம இழுத்தடிச்சப்ப எல்லாரும் வேலையைப் போட்டுட்டு கோயில் பக்கம் போய் உக்காந்துட்டாங்க, எழுத்துல பதிவான முதல் ஸ்ட்ரைக்குகள்ல இதைத்தான் சொல்றாங்க, அதை எழுதி வெச்ச பாப்பிரஸ், அதாவது நாணல்ல செஞ்ச தாள், இப்ப இத்தாலியில தூரின் மியூசியத்துல இருக்கு.

இந்த ஆளுங்க லீவு நாள்ல தங்களுக்கும் கல்லறை பண்ணிக்கிட்டாங்க, ஒருத்தருக்கு ஒருத்தர் வேலை மாத்திக்கிட்டு. மேல சொன்ன சென்னெட்ஜெம் கல்லறை அப்படி வந்ததுதான். 1886ல திறந்தப்ப குடும்பத்து மம்மிகள் சாமான்கள் எல்லாம் அப்படியே இருந்துச்சு, அந்த மரக் கதவு வரைக்கும். சுவத்துல அவரும் பொண்டாட்டி இய்நெஃபர்தியும் செத்ததுக்கு அப்பறம் போற வயல்ல இருக்காங்க, அவர் மாடு ஓட்டி உழறார், அந்தம்மா பின்னாடியே விதை தூவிட்டு வருது, ரெண்டு பேரும் விசேஷத்துக்குப் போடற வெள்ளை லினன்ல! மடிப்பு கலையாம. சுத்தி வாய்க்கால், கீழ வரிசையா மரம். வாழ்நாள் முழுக்க பாலைவன மலையில தூசியில வேலை பாத்த மனுஷன் சொர்க்கம்னா தண்ணி ஓடற வயல்னு வரைஞ்சு வெச்சிருக்கார்.

ராஜா கல்லறையில இப்படி வயலும் மாடும் தேடினீங்கன்னா ஏமாந்துடுவீங்க, அங்க விஷயமே வேற. சூரியன் மறைஞ்சதுக்கு அப்பறம் ராத்திரி பன்னெண்டு மணி நேரம் பாதாளத்துல படகுல போகுது, ஒவ்வொரு மணிக்கும் ஒரு கட்டம், வழியில அபோபிஸ்ங்கற பாம்பு மறிக்கும், கடைசி மணியில வண்டு உருவத்துல திரும்பப் பிறக்கும். ராஜா அந்தப் படகுல சேர்ந்துக்கணும், அவருக்கு வழி தெரியணும், அதுக்குத்தான் அந்த நீள நீளமான நடைபாதையும் சுவர் முழுக்க எழுத்தும். மூடினதுக்கு அப்பறம் உயிரோட இருக்கற எவனும் பாக்கப் போறதில்லைன்னு தெரிஞ்சே பண்ணது. மூணாம் துட்மோஸ் கல்லறையில இது அப்பட்டமா தெரியும், குன்றுல உயரத்துல ஒரு பிளவு, இரும்புப் படி ஏறி அப்பறம் உள்ள செங்குத்தா இறங்கணும், மூட்டு வலி இருக்கறவங்க யோசிச்சுட்டு போங்க, மம்மி அறை முட்டை வடிவத்துல இருக்கு, வெளிர் நிறச் சுவத்துல கருப்பும் சிவப்புமா குச்சி குச்சியா உருவங்கள், பாப்பிரஸ் சுருளை விரிச்சு சுவத்துல ஒட்டின தோற்றம். கலர் எங்கன்னு கேக்கறவங்களுக்கு அது புடிக்காது. எனக்கு அதுக்கு முன்னாடி மத்த எதுவும் நிக்காது.

அதிகாரிகளோட கல்லறைகள் இன்னொரு வகை, மலைச்சரிவுல ஷேக் அப்துல் குர்னா பக்கம் நூத்துக்கணக்குல இருக்கு. அங்க மம்மியை கீழ குழிக்குள்ள வெச்சு மூடிட்டு மேல ஒரு அறையைத் திறந்தே விட்டாங்க, குடும்பம் விசேஷ நாள்ல வந்து படையல் வைக்க. ஆளு வந்து பாப்பாங்கன்னு தெரிஞ்சு பண்ணதால அங்கதான் ஊர் வம்பெல்லாம் இருக்கு. மென்னாங்கறவர் வயல் அளந்து கணக்கு எழுதற அதிகாரி, அவரோட சுவத்துல கயிறு புடிச்சு நிலம் அளக்கறாங்க, தானியம் குவிக்கறாங்க, ஒரு மூலையில ரெண்டு பொண்ணுங்க தலைமுடியைப் புடிச்சு சண்டை போடுதுங்க, இன்னொரு பக்கம் ஒருத்தி தோழியோட கால்ல ஏறின முள்ளை எடுத்துவிடறா. மென்னாவோட முகத்துல மட்டும் கண்ணை யாரோ பழங்காலத்துலயே சுரண்டி எடுத்திருக்காங்க, என்ன பகையோ. இதுக்கெல்லாம் பள்ளத்தாக்குல இருக்கற கூட்டத்துல பத்துல ஒரு பங்கு கூட வராது.

சரி, தண்ணிக்கு வருவோம். பாலைவனத்துல ஏது தண்ணின்னு தோணும், ஆனா பல வருஷத்துக்கு ஒருதடவ திடீர்னு மழை கொட்டும், அந்தப் பள்ளத்தாக்கே பழைய காட்டாறு வெட்டின வழிதான், மொத்தத் தண்ணியும் கல்லோட மண்ணோட கல்லறை வாசலைத் தேடி வரும். 1994லயும் அப்படி ஒரு வெள்ளம் பல கல்லறைகளுக்குள்ள புகுந்துச்சு. மேல இருக்கற சுண்ணாம்புக்கல் நல்ல பாறை, வெட்டவும் லேசு. அதுக்கு அடியில களிமண் பாறை ஒரு அடுக்கு இருக்கு, அது ஈரம் பட்டா உப்பும், காஞ்சா சுருங்கும், ஆழமா வெட்டி அந்த அடுக்கைத் தொட்ட கல்லறைகள்ல தூண் வெடிக்கும், கூரை இறங்கும். ரெண்டாம் ராமேசஸுக்கு நடந்தது இதுதான். அவரோட அப்பா முதலாம் சேத்தி கல்லறை சுமார் 137 மீட்டர் நீளம், அடர் நீலக் கூரையில நட்சத்திரக் கூட்டங்களை மஞ்சள்ல வரைஞ்ச அறை இருக்கறது அங்கதான், செதுக்கல்ல அதை அடிச்சுக்க ஆளே இல்ல. 1817ல இத்தாலிக்காரர் பெல்சோனி திறந்தப்ப கலர் முழுசா இருந்துச்சு. நடுவுல ஒரு ஆழமான கிணறு வெட்டியிருந்தாங்க, வெள்ளத்தை உள்ள விடாம வாங்கிக்கறதுக்கும் அது உதவுச்சு, பெல்சோனி போக வர வழி வேணும்னு அதை மண்ணு போட்டு தூத்துட்டார், அடுத்து வந்த மழைத்தண்ணி நேரா உள்ள. போதாததுக்கு சுவத்துல ஈரக் காகிதம் வெச்சு அழுத்தி அச்சு எடுத்தாங்க, கோந்துல நின்ன கலர் கையோட வந்துடுச்சு. அப்பறம் 1829 வாக்குல பிரெஞ்சு ஆய்வாளர் சாம்போலியனும் இத்தாலிய ஆய்வாளர் ரோசெல்லினியும் ஆளுக்கொரு சிற்பத்தை வெட்டி எடுத்துட்டுப் போனாங்க, ஒண்ணு பாரிஸ்ல ஒண்ணு ஃப்ளாரன்ஸ்ல இருக்கு. எகிப்து எழுத்தைப் படிச்சுக் காட்டின சாம்போலியனே இப்படி!

இப்ப வர்ற தண்ணி நம்ம உடம்புலேர்ந்து வர்றது. மூச்சு, வேர்வை. ஒரு நாள் முழுக்க ஆளு மாத்தி ஆளு உள்ள போனா ஈரப்பதம் ஏறும், ராத்திரி இறங்கும், மறுநாள் மறுபடி ஏறும், பாறையில இருக்கற உப்பு ஒவ்வொரு தடவையும் கரைஞ்சு பூச்சுக்குப் பின்னாடி படிகமாகி வெளிய தள்ளும். ரெண்டாம் ராமேசஸோட ராணி நெஃபர்தாரியோட கல்லறை இதே உப்புல மாட்டினதுதான், ஆனா 1904ல இத்தாலிய ஆய்வாளர் ஸ்கியாபரெல்லி கண்டுபிடிச்சப்பவே, கூட்டம் வர்றதுக்கு முன்னாடியே, உப்பு தள்ளி பூச்சு அங்கங்க விழுந்திருந்துச்சு. 1986லேர்ந்து 1992 வரைக்கும் எகிப்து தொல்லியல் துறையும் அமெரிக்காவோட கெட்டி (Getty) நிறுவனமும் சேர்ந்து சரி பண்ணாங்க. முதல் வேலையே விழப்போற துண்டுகளை விழாம புடிச்சு வைக்கறது, ஜப்பான் மல்பெரிக் காகிதத்தைச் சின்னப் பட்டையா வெட்டி ஆயிரக்கணக்குல சுவத்துல ஒட்டினாங்க, அப்பறம் உப்பைச் சுரண்டி எடுத்து பூச்சை மறுபடி பாறையில ஒட்டி, காகிதத்தை உரிச்சாங்க. விழுந்து காணாம போன இடத்துல புதுசா எதையும் வரையல, அப்படியே விட்டாங்க, அது ரொம்ப சரியான முடிவு. 1995ல திறந்தப்ப ஒரு நாளைக்கு 150 பேர்தான்னு வெச்சாங்க, 2003ல மூடினாங்க, 2016ல செம ரேட்ல திறந்தாங்க. நீங்க போற சமயத்துல திறந்திருந்தா, காசும் இருந்தா, யோசிக்காதீங்க.

துட்டன்காமுன் சுவத்துல பழுப்புப் புள்ளிகள் இருக்கும், அது பூஞ்சைக் கிருமியோட வேலை, நாம போய்தான் வந்துச்சுன்னு பல பேர் நினைச்சாங்க. ஆனா 1920கள்ல எடுத்த ஃபோட்டோவுலயே அதே புள்ளிகள் இருக்கு, கெட்டி ஆளுங்க ஆராய்ஞ்சு பாத்தப்ப செத்துப்போன கிருமின்னு தெரிஞ்சுது. ஈரம் காயறதுக்குள்ள அவசரமா மூடினதால வந்திருக்கும்னு சொல்றாங்க. நம்ம கொண்டுபோற கேடு தூசிதான், அது சுவத்துல படியுது, 2019ல முடிஞ்ச வேலையில காத்தோட்டத்துக்கு வழி பண்ணி தூசியையும் தொடைச்சாங்க.

பள்ளத்தாக்குக்குப் போற வழியில கார்ட்டர் தங்கின வீட்டுக்கிட்ட இந்தக் கல்லறைக்கு ஒரு காப்பி இருக்கு, மாட்ரிட்ல இருக்கற ஃபாக்டம் ஆர்ட்டேங்கற நிறுவனம் பண்ணி 2014ல திறந்தது. சுவரை ஸ்கேன் பண்ணி அந்தப் புள்ளி, கீறல், பெயின்ட் உரிஞ்ச தடம் எல்லாத்தோடயும் செஞ்சிருக்காங்க. டூப்ளிகேட்டைப் பாக்கறதான்னு மூஞ்சியைச் சுளிக்கறவங்களுக்கு ஒரு தகவல். தெற்குச் சுவத்துல ஒரு பகுதியை தங்கப் பேழைகளை வெளிய எடுக்கறதுக்காக கார்ட்டர் ஆளுங்க இடிச்சுட்டாங்க, ஒரிஜினல்ல அந்த ஓவியம் இனி கிடையாது. ஹாரி பர்ட்டன் அப்ப எடுத்த ஃபோட்டோவை வெச்சு அந்தத் துண்டையும் காப்பி இருக்கற இடத்துல செஞ்சு வெச்சிருக்காங்க. அங்க சுவத்துக்குப் பக்கத்துல போய் நிதானமா நிக்கலாம், கூட்டமும் இருக்காது.

வேடிக்கை பாக்க வர்றது ஒண்ணும் புதுசும் இல்ல. ரோமானியர் காலத்துலயே பல கல்லறை திறந்துதான் கிடந்துச்சு, கிரேக்கத்துலயும் லத்தீன்லயும் மட்டும் ரெண்டாயிரத்துக்கு மேல கிறுக்கல் இருக்கு, ஆறாம் ராமேசஸ் கல்லறையை ட்ராய் போர்ல வர்ற மெம்னனோடதுன்னு நம்பி ஆயிரம் பேர் கிட்ட எழுதியிருக்காங்க, அதுல ஒருத்தர் கல் பெட்டியைத் தவிர எதுவும் புடிக்கலைன்னு ரிவ்யூ போட்டிருக்கார். இதுல நம்ம ஆளும் உண்டு. தமிழ் பிராமியில எழுதின பேர்களை சமீபத்துல ஸ்ட்ராவுக், ஷார்லட் ஷ்மிட்னு ரெண்டு ஆய்வாளர்கள் அடையாளம் கண்டாங்க, சிகை கொற்றன்ங்கற ஒருத்தர் அஞ்சு கல்லறையில எட்டு இடத்துல பேரைப் பொறிச்சு வெச்சிருக்கார். செங்கடல் கரையில குசேர் அல் காதிம்ல தமிழ் பிராமி எழுதின பானைச்சில்லு முன்னாடியே கிடைச்சிருக்கு, அந்தத் துறைமுகத்துல இறங்கற சரக்கு நைல் கரைக்குப் போற வழி லக்சருக்கு வடக்கே பக்கத்துலதான், வியாபாரத்துக்கு வந்தவர் அப்படியே ஒரு எட்டு வந்துட்டுப் போயிருக்கணும். பெருமையா இருக்கு, ஆனா எட்டு இடம் கொஞ்சம் ஓவர்தான் கொற்றன் சார்.

இப்ப பிளான். பள்ளத்தாக்கு பொது டிக்கெட்ல மூணு கல்லறைதான் பாக்க முடியும், எது திறந்திருக்குங்கறது மாறிக்கிட்டே இருக்கும், அதனால வாசல்லயே லிஸ்ட்டைப் பாத்துடுங்க. மூணுமே கடைசிக் காலத்து ராமேசஸ்களா எடுத்தா ஒரே மாதிரி நேர் நடைபாதைதான் வரும், பழசுல ஒண்ணு, பாதியில நின்னது ஒண்ணு, புதுசுல ஒண்ணுன்னு எடுங்க. எக்ஸ்ட்ரா காசு ஒண்ணுக்குத்தான் இருக்குன்னா சேத்தி. ஃப்ளாஷ் போடாதீங்க. காவலர் கயிறைத் தூக்கி உள்ள வாங்கன்னு கண்ணைக் காட்டுவார், பக்ஷீஷ் குடுத்து சுவத்துக்குக் கிட்ட போய் நின்னா தோள்பை உரசறது கோந்துல நிக்கற கலர்ங்கறதை யோசிச்சுக்கோங்க. பஸ் கூட்டம் வர்றதுக்குள்ள பள்ளத்தாக்கை முடிச்சுட்டு தெய்ர் எல் மதீனா டிக்கெட்டை தனியா எடுங்க, அங்க ஒரு டூர் கைடும் உங்களை அவசரப்படுத்த மாட்டார், ஏன்னா பெரும்பாலான டூர்ல அந்த ஊரே கிடையாது.